சிகரெட் இல்லாத படங்கள்

ஒரே நிபந்தனை, மெர்சிஹா, என்றாள் எல்வெதீனா.
நீங்கள் புகைக்கும் இடங்களைப் படமெடுத்து வாருங்கள்.
எந்தப் படத்திலும் சிகரெட் இருக்கக் கூடாது.
சாம்பல் கிண்ணம், லைட்டர்,
வேறொருவர் விரலிடுக்கு,
எதுவும்.

சரயேவோவில் இதைக் கேட்பவள்
மழை நாளில் நனையாத தெருவைக் கேட்கிறாள்.
ஆற்றோரக் காப்பிக் கடையில்
ஒரு மேசை காலியாவதற்கு
முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.
காத்திருந்த நேரத்தில் மூன்று பிடித்தேன்.

இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் எண் டிராம்.
இலிஜாவில் தண்டவாளம் வளைந்து திரும்பும்போது
சக்கரம் கிறீச்சிடும்.
அந்தச் சத்தம் அடங்குவதற்குள்
என் வலது கை சட்டைப் பைக்குள் இருக்கும்.
நான் அனுப்புவதில்லை. அதுவே போகும்,
கடைசி மணி அடித்த பள்ளிப் பிள்ளை மாதிரி.

மொத்தம் பதினொரு படங்கள்.
அந்த வளைவு. ஓய்வறையின் பச்சைக் கதவு.
அடுப்பில் செம்புக் காப்பிக் குவளை.
மகன் ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டால்
நான் போய் நிற்கும் பால்கனி மூலை;
சுவரில் என் தலை உயரத்துக்கு
ஒரு மஞ்சள் கறை.

ஆய்வுக்கூடத்தில் விரல் நுனியில் கம்பி மாட்டினாள்.
முதலில் ஊர் பேர் தெரியாதவர்களின் படங்கள்:
உதடு, நெருப்பு, புகை.
ஆசை எவ்வளவு, பத்துக்கு?
மூன்று என்றேன்.
பிறகு என் பச்சைக் கதவு.
வெறும் கதவு. பெயின்ட் உரிந்த, பூட்டு ஆடுகிற கதவு.
எட்டு என்றேன்.
எச்சிலை விழுங்கியது
கேட்டிருக்கும் அவளுக்கு.

அடுத்த வாரம் வேறு அறை. நாலு புறமும் வெள்ளைச் சுவர்.
முகத்தில் எதையும் காட்டாத இரண்டு பேர்
ஆயிரத்து இருபத்திரண்டிலிருந்து
பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள்.
உரக்க. இன்னும் வேகமாக.
ஆயிரத்து ஒன்பது.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறு.
தொள்ளாயிரத்து எண்பத்து... நான்கு?
தவறு. முதலிலிருந்து.

ஒருமுறை குறுக்கே பாய்ந்த பையனுக்காக
அவசர பிரேக்கை மிதித்திருக்கிறேன்.
அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.
என் முழங்கால் சாயங்காலம் வரை ஆடியது.
அன்றைக்கு வேண்டியிருந்த அதே அளவு
அந்தச் சுவரின் முன்னால் வேண்டியிருந்தது.
கதவு இல்லை, வளைவு இல்லை, காப்பி வாசம் இல்லை.
பத்து என்றேன்.
பதினொன்று உண்டா என்று கேட்டேன்.

இடம் கிளப்பும் பசி ஒன்று,
பதற்றம் கிளப்பும் பசி இன்னொன்று,
என்று காகிதத்தில் இரண்டு கோடு இழுத்தாள்.
இரண்டும் சேர்ந்து வரும் நாள் உண்டா?
செவ்வாய் என்றேன். புதன்.
சம்பளத்துக்கு முந்தைய வாரம் முழுக்க.
சிரித்தாள். சிரித்தபடியே எழுதிக்கொண்டாள்.

இப்போது விட்டு முப்பத்தெட்டு நாள்.
கதவுக்கு நீலம் அடிக்கச் சொல்லி
ஃபிக்ரெத்திடம் கெஞ்சினேன்.
அதே பச்சையை வாங்கி வந்து
வாயில் சிகரெட்டோடு அடித்தான்.
காப்பியை நின்றபடி குடிக்கிறேன், இடது கையால்.
மகனோடு சமையலறையில் இருந்து பேசுகிறேன்;
என்னம்மா, வேறு யாரோ மாதிரி இருக்கிறாய் என்கிறான்.

நேற்று மத்தியானம்
தண்டவாளத்தில் பாதி ஏறி நின்ற ஒரு லாரி.
அதன் பின்பலகையில் எண்: 1009.
அவ்வளவுதான்.
யாரும் குறுக்கே பாயவில்லை.
வளைவுக்கு இன்னும் நாலு நிறுத்தம்.
நாக்கின் அடியில் ஊறியது.
வலது கை பைக்குள்,
சூரியகாந்தி விதைகளுக்கு நடுவே
எதையோ தேடிக்கொண்டிருந்தது.

எல்வெதீனா, பன்னிரண்டாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்.
இது நீ கொடுத்தது.
இதற்கு வர்ணம் மாற்ற
ஒரு கதவுகூட இல்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறு என்றேன், சத்தமாக.
முன் இருக்கைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.
லாரி நகர்ந்தது.
தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று.